மேலே துணி, உள்ளே அலுமினியம்: பழைய காருக்கு வயரிங் வாங்குகிறவர்கள் படியுங்கள்

கோலாலம்பூரில் யாராவது ஒருவர், பழைய ஆங்கிலேயக் கார்களுக்குத் துணி சுற்றிய வயரிங் செட் கட்டித் தருகிறேன் என்று சொன்னால், காசு கொடுப்பதற்கு முன் ஒரு மீட்டர் வயரைக் கையில் வாங்கி அறுத்துப் பாருங்கள். நான் அறுத்துப் பார்க்கவில்லை. 1,850 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து பட்டர்வொர்த்தில் என் வீட்டு வாசலிலேயே காரின் மூக்கிலிருந்து புகை வந்தது.

கார் என் அப்பாவுடையது. 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, 948 சிசி. கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கைகாட்டி எழும்பி, திரும்பும் பக்கத்தைக் காட்டுமே, அந்த வகை. 1961இல்தான் மைனரில் அதை எடுத்துவிட்டு மின்னும் விளக்கு வைத்தார்கள். அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தார். நடுராத்திரியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினால் இந்தக் காரில்தான் கிளம்புவார். தன்னால் முடியாத கேஸை இதே காரின் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அவர் போன பிறகு கார் பல வருடம் கேன்வாஸுக்கு அடியில் கிடந்தது. அதை மறுபடி ரோட்டில் இறக்க வேண்டும், இரவில் அதே விளக்கைப் போட்டு ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. பாடி வேலை புக்கிட் மெர்தாஜத்தில் முடிந்தது, எஞ்சினும் முடிந்தது. வயரிங்தான் பாக்கி.

பழைய வயரை வைத்துச் சமாளிக்க வழியே இல்லை. நூலுக்குள் இருந்த ரப்பர், தொட்டால் முறுக்குப் போல நொறுங்கியது. சாதாரண பிளாஸ்டிக் வயரை இழுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கார் ஓடும்தான். ஆனால் பானெட்டைத் திறந்தால் அப்பா பார்த்த அதே நூல், அதே நிறம் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். பழுது பார்க்கவும் அந்த நிறங்கள் வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வரும் வழி. வெள்ளை, சாவி திருப்பிய பிறகு வருவது. பச்சை, அதே கரண்ட் ஃபியூஸைத் தாண்டிய பிறகு. சிவப்பு, பக்க விளக்கும் பின் விளக்கும். கறுப்பு, எர்த். நீலம் ஹெட்லேம்ப், அதில் வெள்ளை இழை ஓடினால் ஹை பீம், சிவப்பு இழை ஓடினால் டிப், அதாவது தாழ்ந்த வெளிச்சம். இது தெரிந்தவர் யார் வந்தாலும் வரைபடத்தை விரிக்காமலேயே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார்.

செட் கட்டித் தந்த அந்த ஆளை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு நண்பர். பழைய கார்க்காரர்கள் கூடிய இடத்தில் அவருடைய வேலையைப் பார்த்ததாகச் சொன்னார். நம்ம ஆள், தமிழ் பேசுகிறவர். போனில் முதல் அழைப்பிலேயே அரை மணி நேரம் பேசினார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். "அண்ணே, உங்க அப்பா காரு எனக்கும் அப்பா காரு மாதிரி. லண்டன் நூல், உள்ள பியூர் காப்பர். கண்ண மூடிக்கிட்டு போடுங்க" என்றார். 900 முன்பணம், செட் தயாரானதும் 950. வங்கிக் கணக்கு வேறொரு பெயரில் இருந்தது. கேட்டேன், தங்கச்சி அக்கவுண்ட் என்றார். அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. பலகையில் ஆணி அடித்து, வயரை வளைத்துக் கட்டியிருந்த விதம் பார்க்க அழகாக இருந்தது. மீதிப் பணத்தைப் போட்டேன். கூரியரில் பெட்டி வந்தது. தூக்கியதும் லேசாக இருந்தது. ஒரு முழுக் காருக்கான தாமிரம் இவ்வளவு லேசாக இருக்காதே என்று மனதில் பட்டது. ஆனால் ஆறு மாதமாகக் காத்திருந்தவனுக்குப் பெட்டியைத் திறக்கும் அவசரம். நூல் மினுமினுப்பாக இருந்தது. புதுசுதானே என்று விட்டுவிட்டேன். முனைகளில் இருந்த புல்லட்களை, அதாவது வயரை இணைக்கும் சின்ன உலோக மூடிகளை, ஈயம் ஊற்றிப் பற்றவைக்கவில்லை, பிளையர் போட்டு நசுக்கியிருந்தார்கள். அதையும் பார்த்தேன். இந்தக் காலத்தில் இப்படித்தான் செய்வார்கள் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வயர்மேன் அண்ணன் நிதானமானவர், எழுபதைத் தாண்டியவர். பழைய வயரைப் பக்கத்தில் விரித்துவைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் போட்டார். இரண்டாவது நாளே, "தம்பி, கோடு அழியுது பாரு" என்று விரலைக் காட்டினார். பெட்ரோல் கை பட்ட இடத்தில் நீலத்தின் மேலிருந்த சிவப்பு இழை கரைந்து விரலில் ஒட்டியிருந்தது. நெய்த இழையே இல்லை. மார்க்கர் பேனாவால் போட்ட கோடு. அப்போதும் வேலையை நிறுத்தாதது என் தவறு.

ஹெட்லேம்பைப் போட்டோம். மஞ்சளாக, எண்ணெய் விளக்குப் போல எரிந்தது. பேட்டரியில் 12.4 வோல்ட், விளக்கின் முனையில் 10.3. வழியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் எங்கேயோ சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கிரில்லுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. அண்ணன் பேட்டரி முனையைப் பிடுங்கிவிட்டார். முன்கூட்டியே அதைத் தளர்த்தி வைத்திருந்தவர் அவர்தான். இல்லாவிட்டால் ஸ்பேனர் தேடுவதற்குள் பெயிண்ட் போயிருக்கும்.

இந்தக் காரைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மைனரில் இரண்டே ஃபியூஸ். ஹெட்லேம்ப் போகும் வழி அந்த இரண்டில் எதையும் தொடாது. சார்ஜைச் சீராக்கும் கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து நேராக சுவிட்சுக்கு, அங்கிருந்து காலடியில் இருக்கும் டிப் சுவிட்சுக்கு, அங்கிருந்து விளக்குக்கு. வயர் சூடானால் அறுந்து காப்பாற்ற நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அந்த வழியில் போடும் வயரின் தடிப்பும் தரமும் உயிர் விஷயம்.

அறுத்துப் பார்த்தோம். ஹெட்லேம்ப் வழிக்கு 28/0.30 வேண்டும். அதாவது 0.30 மில்லிமீட்டர் இழைகள் 28, மொத்தம் 2 சதுர மில்லிமீட்டர், 17.5 ஆம்பியர் தாங்கும். எனக்கு வந்ததில் 0.20 மில்லிமீட்டர் இழைகள் 24தான் இருந்தன. முக்கால் சதுர மில்லிமீட்டர். தடிப்பாகத் தெரியட்டும் என்று மேலே பிளாஸ்டிக்கைக் கனமாக ஏற்றியிருந்தார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் மெல்லிய தாமிரப் பூச்சு. இந்த வகை, அதே தடிப்புள்ள தாமிரத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கரண்டைத் தடுக்கும். நசுக்கிப் பிடித்த புல்லட்டுக்குள் அலுமினியம் நாளடைவில் தளரும், வெட்டுமுனையில் பூத்துப்போகும். கடல்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். புகைந்தது அப்படி ஒரு புல்லட்தான்.

செட்டோடு அவர் கொடுத்த கண்ணாடி ஃபியூஸ்கள் இன்னொரு வம்பு. மேலே 35 என்று எழுதியிருந்தது, சரியான எண்தானே என்று போட்டிருந்தோம். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்றால் 35 ஆம்பியரில் அறுந்துவிடும் என்று பொருள்; தொடர்ந்து தாங்குவது 17 சொச்சம்தான். இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண ஃபியூஸில் அந்த எண், தொடர்ந்து தாங்கும் அளவு. அதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன் வயர் உருகும். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

செட்டை விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். முதல் பதில், "அண்ணே, வயரிங் போட்டவரு தப்பா மாட்டியிருப்பாரு." அறுத்த இழையின் படத்தை அனுப்பினேன். "அது ஈயம் பூசின காப்பர் அண்ணே, அதான் வெள்ளையா தெரியுது." ஈயம் பூசிய தாமிரம் என்று ஒன்று இருக்கிறது, நல்ல பொருள்தான். ஆனால் அது வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு. என்னிடம் இருப்பது நேர் தலைகீழ். அதை எழுதியதும் பதில் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். எழுபது வயது கடந்த மனிதரின் கைவேலையைக் குறை சொல்லிவிட்டு ஒளிந்துகொண்டாரே, பணம் போனதைவிட அது எனக்கு வலித்தது.

நீங்கள் வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள். ஒரு இழையைச் சுரண்டுவது முதல் வேலை. அப்புறம் அதே இழையை லைட்டர் நெருப்பில் காட்டுங்கள். செம்பு சிவந்து நிற்கும், அலுமினியம் சோர்ந்து தொங்கி அறுந்துவிடும். மேலே சுற்றிய நூலில் சிறு துண்டைக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். நிற இழையைத் தின்னர் தொட்ட துணியால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் பயப்படாதீர்கள். இன்றைக்கு நன்றாகக் கட்டுகிறவர்களும் பிளாஸ்டிக் உறைக்கு மேல்தான் பருத்தி பின்னுகிறார்கள், ரப்பரைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் ஆசையில்லை.

மொத்தமாக வாங்கினால் இன்னும் உறுதியான சோதனை உண்டு. சாதாரண மல்டிமீட்டரில் இவ்வளவு சின்ன ஓம் அளவைப் படிக்க முடியாது. பத்து மீட்டர் வயரின் வழியாக ஒரு 42 வாட் பல்பை 12 வோல்ட்டில் எரியவிட்டு, அந்த வயரின் இரு முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 14/0.30 வயர் உண்மையான தாமிரமாக இருந்தால் 0.6 வோல்ட் அளவில் காட்டும். பூச்சு வயர் என்றால் ஒன்றை நெருங்கும். கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர், ஈயம், சால்டரிங் அயர்ன் எல்லாம் கிடைக்கும், இதற்குப் பெரிய செலவு இல்லை.

பணம் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கணக்கின் பெயர், பேசுகிற ஆளின் பெயர், ரசீதில் உள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. கூரியர் பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை.

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். "பியூர் காப்பர்" என்று அவர் எழுதிய செய்தி என்னிடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மனுவில் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு போன் நம்பரும் கையால் எழுதிய ரசீதும்தான். கடைசியில் முகவரியைக் கொண்டுவந்து கொடுத்தவர், அவரை எனக்கு அறிமுகப்படுத்திய அதே நண்பர். வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட மாட்டேன் என்று நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரும் நம்பித்தான் சொன்னார்.

விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். நடுவில் இங்கிலாந்திலிருந்து மீட்டர் கணக்கில் பருத்தி சுற்றிய வயரும், ஈயம் ஊற்றிப் பற்றவைக்கும் பித்தளை புல்லட்களும் வரவழைத்துவிட்டேன். முதலில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் மட்டும் வாங்கினேன். அண்ணன் எல்லாவற்றையும் சுரண்டி, கொளுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் மீதியை வரவழைத்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் பழைய வயரைப் பலகையில் விரித்து, அளவெடுத்து நாங்களே கட்டுகிறோம். போன வாரம் கைகாட்டி இரண்டும் எழும்பின.

புகைந்த செட்டை வெட்டிப் போடவில்லை, ஆதாரத்துக்காக அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மினுமினுப்பான நூல், நசுக்கிய புல்லட், பேனாக் கோடு, இந்த மூன்றும் உள்ள செட்டை நீங்களும் கோலாலம்பூரிலிருந்து வாங்கியிருந்தால், தயவுசெய்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அதைக் காரில் விட்டுவைத்து இரவில் வீட்டுக்குள் போய்ப் படுக்காதீர்கள். பட்டர்வொர்த் பக்கம் வருகிறவர்கள் உங்கள் வயரில் ஒரு துண்டைக் கொண்டுவாருங்கள், என்னிடம் இருப்பதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.