க்னூகோபால் 3.2: கோபால் கற்கவும் பழைய நிரல்களைச் சோதிக்கவும் நல்ல இலவசக் கம்பைலர்

கோபால் (COBOL) 1959-ல் பிறந்த கணினி நிரல் மொழி. வங்கி, காப்பீடு, ஓய்வூதியக் கணக்குகள் இன்றும் அதில் ஓடுகின்றன. மெயின்ஃபிரேம் எனும் பெரிய நிறுவனக் கணினி இல்லாமல் அதைக் கற்க க்னூகோபால் போதும். இது கோபாலை சி மொழிக்கு மாற்றி, ஜிசிசி எனும் சி கம்பைலர் வழியாக இயங்கு கோப்பாக்குகிறது. உபுண்டுவில் நிறுவ ஒரே கட்டளைதான்.

நிரலைக் கம்பைல் செய்யும் ‘கோப்சி’ (cobc) கட்டளையில் ‘-எக்ஸ்’ (-x) விட்டுப்போனால் இயங்கு கோப்புக்குப் பதில், வேறு நிரல் அழைத்துப் பயன்படுத்தும் மாட்யூல்தான் உருவாகும். பலரும் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். அடுத்தது பத்தி எண், அதாவது வரியில் ஓர் எழுத்து நிற்கும் இடத்தின் எண் (column). பழைய வடிவத்தில் 72-ஆம் பத்தியைத் தாண்டிய எழுத்துகள் கணக்கில் வராது. பெருக்க வேண்டிய 12-ல் 2 மட்டும் 73-ஆம் பத்தியில் விழுந்தால், நிரல் 1-ஆல் பெருக்கும். பிழைச் செய்தியும் வராமல் போகலாம். புதிதாக எழுதுவோர், இந்தப் பத்திக் கட்டுப்பாடு இல்லாத வடிவத்துக்கு ‘-ஃப்ரீ’ (-free) சேர்த்துவிடுங்கள்.

இதன் உயிர் தசமக் கணக்கு. 0.1-உடன் 0.2 கூட்டினால் சரியாக 0.3, பைசா நழுவாது. ஆனால் மூன்று முழு இலக்கம், இரண்டு தசம இலக்கம் கொண்ட புலத்துக்கு (மதிப்பை வைக்கும் இடம்) வேறொரு மாறியிலிருந்து (variable) 1234.50-ஐ ‘மூவ்’ (MOVE) கட்டளையால் நகலெடுத்தால் 234.50 தான் நிற்கும், சத்தமே இல்லாமல். ஆகவே புலத்தின் அளவைத் தாராளமாக வையுங்கள். கூட்டல், பெருக்கலுக்கு, விடை புலத்தில் அடங்காதபோது என்ன செய்வது என்று சொல்லும் ‘ஆன் சைஸ் எரர்’ (ON SIZE ERROR) கட்டாயம் எழுதுங்கள்.

மெயின்ஃபிரேமில் பயனர் திரைகளையும் பரிவர்த்தனைகளையும் கையாளும் சிஐசிஎஸ் (CICS) மென்பொருளின் திரைகள் இதில் ஓடாது. மெயின்ஃபிரேம் தரவுக் கோப்பை மொத்தமாக எப்சிடிக் (மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடு) முறையிலிருந்து ஆஸ்கி (சாதாரணக் கணினிகளின் எழுத்துக் குறியீடு) முறைக்கு மாற்றினால், எண்களை எழுத்தாக அல்லாமல் சுருக்கி வைக்கும் காம்ப்-3 (COMP-3) புலங்கள் பாழாகும். புலம் புலமாகத்தான் மாற்ற வேண்டும். திரை இல்லாமல் கோப்புகளை மொத்தமாகச் செயலாக்கும் பேட்ச் நிரல்களுக்குத் தயங்காமல் எடுக்கலாம்.