வீட்டுக்கே வந்து ஊசி ஏற்றும் தாதியர் சேவை: வெள்ளவத்தையில் பார்த்தவை

கொழும்பில் வீட்டுக்கே தாதியரை அனுப்பி ஊசி மருந்து ஏற்றும் சேவைகள் இப்போது பல இயங்குகின்றன. இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிய என் அக்காவுக்காக அவற்றுள் ஒன்றைச் சில வாரங்கள் பயன்படுத்தினோம். குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் அரச வைத்தியசாலையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கண்பார்வை மங்கிவிட்டதால் சிரிஞ்சின் கோடுகளை நம்பி நானே மருந்து இழுக்கத் துணியவில்லை. பழைய தொழிற்பழக்கத்தால், ஊசி வலித்ததா இல்லையா என்பதைவிட, அது உடலில் படுவதற்கு முந்திய சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சேவையின் சிறப்பும் அதன் மிகப் பெரிய குறையும் அந்த நிமிடங்களில்தான் வெளிப்பட்டன.

அக்காவுக்கு இரத்தம் உறையாமலிருக்க எனொக்ஸபரின் 40 மில்லிகிராம் நாளுக்கு ஒரு தடவை தோலுக்குக் கீழே போட வேண்டியிருந்தது. இடையில் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டதால் செஃப்ட்ரியக்ஸோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. இன்சுலின் அவருக்கு முன்பே உண்டு. ஒரே நோயாளிக்கு மூன்று மருந்துகள், இரண்டு வெவ்வேறு வழிகள். வீட்டில் இதைச் செய்வது பலர் நினைப்பதைப் போல எளிதானதல்ல.

வழக்கமாக வந்த தாதி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கைகழுவும் இடத்தைத்தான் கேட்டார். சவர்க்காரமிட்டு விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என ஒன்றையும் விடாமல் தேய்த்துக் கழுவினார். 40 முதல் 60 வினாடி வரை கழுவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை உண்மையாகவே பின்பற்றும் ஒருவரைப் பல காலத்துக்குப் பின் கண்டேன். பிறகு சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்துத் தட்டை வைத்து, மருந்துச் சீட்டையும் மருந்தின் லேபலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். அதன்பின் அக்காவிடம், "அம்மா, உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ" என்றார். "நேற்றும் வந்தனிங்கள்தானே மிஸ்ஸி, இன்னும் பேர் தெரியாதோ?" என்று அக்கா சிரித்தார். தாதியும் சிரித்தார்; ஆனால் பெயரைக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்ட பின்னரே சிரிஞ்சை எடுத்தார். நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்க்கும்படி தாதியர் பாடசாலையில் முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கப்படுகிறது. பழகிய நோயாளியிடமும் அதைக் கைவிடாதவர்கள் குறைவு.

இந்தப் பழக்கத்தின் பலன் ஒரு மாலையில் நேரடியாகவே தெரிந்தது. மருந்துக் கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த எனொக்ஸபரின் பெட்டி பார்வைக்குப் பழைய பெட்டியைப் போலவே இருந்தது. தாதி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது 60 மில்லிகிராம் சிரிஞ் என்றார். அந்த சிரிஞ்சில் அளவுக் கோடுகள் உண்டு என்பதால், கூடுதலான 0.2 மில்லிலீற்றரை வெளியேற்றிவிட்டு மீதியைப் போட்டுவிடலாமே என்று வீட்டிலிருந்த ஒருவர் யோசனை சொன்னார். தாதி அதற்கு இணங்காமல், முதலில் தமது மேற்பார்வையாளரையும் அடுத்து மருந்துக் கடையையும் தொலைபேசியில் அழைத்தார்; சீட்டிலுள்ள அளவு கைக்கு வரும்வரை ஊசி போடவில்லை. நேரம் சற்றுப் பிந்தியது. அறுவைக்காயம் ஆறாத முதியவருக்கு இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய மருந்தில் ஊகத்துக்கு இடமில்லை என்பதால் அந்தத் தாமதத்தை நான் குறையாகக் கொள்ளவில்லை.

ஊசி போட்ட முறையிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. தொப்புளிலிருந்து குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி, நேற்று இடப்பக்கம் என்றால் இன்று வலப்பக்கம் என மாற்றி, தோலை மடித்துப் பிடித்த பிடியை மருந்து முழுவதும் உள்ளே போகும்வரை விடாமல், ஊசியை நேராகச் செலுத்தினார். முன்கூட்டியே நிரப்பி வரும் இந்த சிரிஞ்சிலுள்ள சிறு காற்றுக்குமிழியை அவர் வெளியேற்றாததைக் கண்டு எங்கள் மாமி பதறிப்போனார். அந்தக் குமிழி மருந்தின் பின்னால் சென்று கடைசித் துளியையும் உள்ளே தள்ளவே இருக்கிறது. அதை வெளியேற்ற முயன்றால் மருந்தும் சேர்ந்து போய்விடக்கூடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்பதையும் ஒவ்வொரு நாளும் சொன்னார். ஊசி என்றால் பஞ்சால் அழுத்தித் தேய்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் ஊறிப்போன வழக்கம். இந்த மருந்துக்கு அப்படிச் செய்தால் வயிறு முழுவதும் நீலம் பாய்ந்துவிடும்.

இன்சுலின் விடயத்தில் அவர் கேட்ட ஒரு கேள்வியை இங்கு குறிப்பிட வேண்டும், ஏனெனில் சென்னைக்குப் போய்வரும் உறவினர்கள் உள்ள கொழும்புக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த குப்பி எங்கு வாங்கப்பட்டது என்று கேட்டார். இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட குப்பிகளும் விற்பனையில் உள்ளன; அதற்கென்று தனி சிரிஞ்சும் உண்டு. 40 அலகுக் குப்பியிலிருந்து 100 அலகுக்கான சிரிஞ்சில் 40 என்ற கோடுவரை இழுத்தால் உடலுக்குள் போவது 16 அலகு மட்டுமே. மாறாக 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுக்கான சிரிஞ்சில் அதே எண்வரை இழுத்தால் 100 அலகு போய்விடும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இனிக் குறைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிலுக்கு வந்த தாதி, செஃப்ட்ரியக்ஸோனை நிலையத்திலேயே கரைத்து, சிரிஞ்சில் நிரப்பி, பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சிரிஞ்சில் மருந்தின் பெயரோ, நோயாளியின் பெயரோ, கரைத்த நேரமோ ஒட்டப்படவில்லை. வெறும் குப்பியையும் காட்ட முடியவில்லை. இதைச் சிறு கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த மருந்தைத் தசையில் போடும்போது வலி குறைய லிக்னோகெய்ன் என்ற விறைப்பு மருந்தில் கரைப்பதுண்டு. அப்படிக் கரைத்ததை நாளத்தில் ஒருபோதும் ஏற்றக் கூடாது. நாளத்துக்கு என்றால் ஊசிக்குரிய தூய நீரில் கரைத்து, இரண்டு முதல் நான்கு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். கல்சியம் கலந்த ஹார்ட்மன் போன்ற சேலைனோடு அது சேரவும் கூடாது. பெயர் ஒட்டாத சிரிஞ்சைப் பார்த்து இவற்றில் எதையும் உறுதிசெய்ய வழியில்லை. ஒருவர் இழுத்து வைத்த மருந்தை இன்னொருவர் போடக் கூடாது என்பதும், இழுத்த கையோடு போடாவிட்டால் லேபல் ஒட்ட வேண்டும் என்பதும் வாட்டில் எங்களுக்கு மூத்த தாதிச் சகோதரிகள் கண்டிப்புடன் பழக்கிய விதிகள்.

நான் மறுத்துவிட்டேன். அந்த இளம் தாதியின் மீது எனக்குக் கோபம் இல்லை. காலையிலிருந்து கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று அலைந்துவிட்டு வந்திருந்தார், வீடு வீடாகக் கரைத்துக்கொண்டிருந்தால் நேரம் போதாது என்று மேலிடத்தில்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள். முகாமையாளரிடம் பேசியபோது அவர் முதலில் இது வழமையான நடைமுறை என்றார். லிக்னோகெய்னைப் பற்றிக் கேட்டதும் குரல் தணிந்தது. அன்று மாலையே வேறொருவர் முத்திரை உடையாத குப்பியோடு வந்து, குப்பியின் இறப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, எங்கள் கண்முன்னே கரைத்து ஏற்றினார். அதன்பின் எங்கள் வீட்டில் இது திரும்ப நடக்கவில்லை. மற்ற வீடுகளில் வழக்கம் மாறியதா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் ஊசியை வைத்தியசாலையிலேயே போட்டுக்கொண்டு வரும்படி இவர்கள் வலியுறுத்தியது நல்ல கொள்கை. ஒவ்வாமை கடுமையானால் வளர்ந்தவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். தாதியின் பையில் அது காலாவதியாகாமல் இருந்ததைக் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனால் வார இறுதியில் வருபவர்கள் ஊசி போட்டபின் சற்று அமர்ந்திருப்பதில்லை. வாசலில் முச்சக்கர வண்டி காத்திருக்கும்.

கட்டணம் மலிவானதல்ல. ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம், போக்குவரத்துக்கு வேறு. எனினும் பற்றுச்சீட்டில் எல்லாம் பிரித்துக் காட்டப்பட்டிருந்தது. இதைவிடக் குறைந்த விலைக்கு ஆள் அனுப்பும் இடங்களில் வெள்ளைச் சீருடை அணிந்த பராமரிப்பாளரே வந்து ஊசி போடுவதும் உண்டு என்பதால், வருபவர் பதிவுபெற்ற தாதியா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்வதற்கு 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்டதும் இவர்கள் தயங்காமல் காட்டினார்கள். தாதியர் ஊசி விவரங்களை எழுதும் பதிவேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், அக்காவோடு தங்கியிருக்கும் மலையகப் பெண்ணுக்கு அதனால் பயனில்லை. எந்தப் பக்கம் ஊசி போட்டார்கள் என்பதை அவர் நாட்காட்டியில் தமிழில் குறித்துக்கொண்டார்.

பயன்படுத்திய ஊசிகளைப் பொறுத்தவரை, வழக்கமான தாதி மூடியைத் திரும்பப் போடாமல் அப்படியே கூர்ப்பொருள் பெட்டிக்குள் இட்டார். வார இறுதியில் வந்த ஒருவர் அவற்றைப் பழைய தண்ணீர்ப் போத்தலில் போட்டுக் குப்பையோடு விடச் சொன்னார். மாநகர சபையின் குப்பை லொறியில் வெறுங்கையால் பைகளை அள்ளுபவருக்கு அதிலிருந்து ஒரு குத்துப் பட்டால் ஈரல் அழற்சி பி, சி முதல் எச்ஐவி வரை தொற்றும் வாய்ப்பு உண்டு. நான் எழுத்தில் முறையிட்ட பிறகு, பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் தாங்களே வந்து எடுத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கான கட்டணத்தை யார் செலுத்துவது என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.