துணை தேடும் பூ, தேடாத பூ: காப்செல்லாவின் மூன்று வழிகள்

கடுகுக் குடும்பத்தில் காப்செல்லா என்று ஒரு சிறு பேரினம் உண்டு. சாலையோரத்திலும் வயல் வரப்பிலும் முளைக்கும் களைச்செடிகள். காய் தட்டையாக, இதய வடிவில் இருக்கும். பூவுக்குத் தன்மகரந்தச் சேர்க்கை ஆதாயமா, அயல்மகரந்தச் சேர்க்கை ஆதாயமா என்ற பழைய வழக்கை விசாரிக்க இவற்றைவிட வசதியான செடிகள் கிடைப்பது அரிது. வாதி, பிரதிவாதி இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாகம் பிரிந்தும் அதிக காலம் ஆகவில்லை.

மூத்த வழியில் நிற்பது காப்செல்லா கிராண்டிஃப்ளோரா. பெரும்பாலும் மேற்குக் கிரேக்கத்திலும் அல்பேனியாவிலும் மட்டுமே வளர்கிறது. பெரிய வெள்ளை இதழ், மணம், தாராளமான மகரந்தம் என்று பூச்சிக்காக எல்லாச் செலவும் செய்யும். சொந்த மகரந்தம் வந்து விழுந்தால் மட்டும் ஏற்காது. அதிலிருந்து பிரிந்த காப்செல்லா ருபெல்லாவுக்கு வயது இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள்தான் இருக்கும். பரிணாமக் கணக்கில் அது நேற்றைய சங்கதி. ருபெல்லா தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்கிறது. மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் பரவியதோடு, மனிதர்களின் பின்னால் அமெரிக்கக் கண்டங்களுக்கும் போய்விட்டது.

சொந்த மகரந்தத்தை ஒரு பூ எப்படி அடையாளம் காண்கிறது? கடுகுக் குடும்பத்தில் இந்த வேலையை அடுத்தடுத்து அமைந்த இரண்டு மரபணுக்கள் பார்க்கின்றன. எஸ்சிஆர் மரபணு மகரந்தத்தின் மேல்பூச்சில் ஒரு சிறு புரதத்தை வைக்கிறது. எஸ்ஆர்கே மரபணு, மகரந்தம் வந்து ஒட்டும் சூலகமுடியில் அந்தப் புரதத்தை அறியும் ஏற்பியை வைக்கிறது. இரண்டும் ஒரே வகையாக இருந்து சாவியும் பூட்டும்போல் பொருந்தினால், மகரந்தம் நிராகரிக்கப்படும். வழக்கமாகப் பொருந்தினால் திறக்கும். இங்கே பொருந்தினால்தான் கதவடைப்பு. ஆகவே தன்சேர்க்கைக்கு மாறப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, இருப்பதில் ஒன்று கெட்டால் போதும். நெருங்கிய உறவினரான அராபிடாப்சிஸ் தாலியானாவில், ஐரோப்பியச் செடிகள் பெரும்பாலானவற்றில் எஸ்சிஆர் மரபணுவின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டை நேராக்கி, எஸ்ஆர்கே இன்னும் பழுதாகாத செடிக்குள் செலுத்தியபோது அது மறுபடியும் தன் மகரந்தத்தை மறுத்தது. பழுது மகரந்தப் பக்கத்தில் வந்ததிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது: அடையாளத்தைத் தொலைத்த மகரந்தத்தை எந்தச் சூலகமுடியும் தடுக்காது என்பதால் அந்தப் பிழை வேகமாகப் பரவும்.

கதவு திறந்தபின் வீடே மாறிவிடுகிறது. ருபெல்லாவின் இதழ்கள் சுருங்கின, மகரந்தம் குறைந்தது. கிராண்டிஃப்ளோராவின் மணத்தில் முக்கியமானது பென்சால்டிஹைடு, அதாவது வாதுமை எசன்ஸின் வாசனை. அதைத் தயாரிக்கும் பாதையில் முதல் நொதிக்கான மரபணு ருபெல்லாவில் செயலிழந்துவிட்டது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, தனித்தனியாக. வாடிக்கையாளரே வேண்டாம் என்றான பிறகு விளம்பரச் செலவு எதற்கு?

இனி ஆதாயக் கணக்கு. இதை 1941இல் மரபியலாளர் ரொனால்டு ஃபிஷர் போட்டுக் காட்டினார். அயல்சேர்க்கைச் செடி தன் விதைக்குத் தாயாக ஒரு பங்கு மரபணுவும், அடுத்த செடியின் விதைக்குத் தந்தையாக ஒரு பங்கும் தருகிறது, மொத்தம் இரண்டு. தன்சேர்க்கைச் செடி தன் விதைக்கு இரண்டு பங்கும் தந்துவிட்டு, வெளியேயும் ஒரு பங்கு அனுப்பினால் மூன்று. ஐம்பது சதவீத லாபம்! தன்சேர்க்கையில் பிறந்த பிள்ளைகளின் பிழைப்புத்திறன் மற்றவற்றில் பாதிக்குக் கீழே போகாதவரை இந்த வழிதான் வெல்லும். பூச்சியே இல்லாத புது நிலத்தில் ஒற்றை விதை விழுந்தாலும் வம்சம் தொடங்கும் என்பது இன்னொரு சலுகை. ருபெல்லாவின் பரவலுக்கு அது பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

பிழைப்புத்திறன் குறைவதை முதலில் முறையாக அளந்தவர் டார்வின். பதினோரு ஆண்டு உழைப்பு, 57 இனங்கள், 1876இல் நூல். பொதுவாகத் தன்சேர்க்கைப் பிள்ளைகள் குட்டையாக, வலுவின்றி வளர்ந்தன. ஒடுங்கி மறைந்திருக்கும் கெட்ட மரபணுக்கள் இரு பக்கத்திலிருந்தும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வெளிப்படுவதுதான் காரணம் என்பது பின்னாளில் புரிந்தது. ஆனால் அவருடைய ஐபோமியா பர்ப்பூரியா கொடிகளில், ஆறாம் தலைமுறைத் தன்சேர்க்கைச் செடி ஒன்று எதிராளியான அயல்சேர்க்கைச் செடியை அரை அங்குலம் முந்தியது. அதற்கு ‘ஹீரோ’ என்று பெயரே வைத்தார். வெளிப்பட்ட கெட்ட மரபணு தன்னைச் சுமக்கும் செடியோடு சேர்ந்து அழியவும் செய்யும் என்பதால், ஓரளவு களையெடுப்பும் கூடவே நடக்கிறது. கலப்புத்தன்மை, அதாவது ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் வேறு வேறாக இருப்பது, தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகி, ஆறு தலைமுறையில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நம் ஊரில் நெல் விவசாயி சொந்த விதையை எடுத்து வைத்தால் ரகம் பெரும்பாலும் மாறாமலிருப்பதும், கம்பில் பக்கத்து வயலின் மகரந்தம் புகுந்துவிடுவதும், நெல் தன்சேர்க்கைப் பயிர், கம்பு அயல்சேர்க்கைப் பயிர் என்ற வித்தியாசத்தால்தான்.

அப்படியானால் ருபெல்லா வென்றுவிட்டதா? மரபணுத்தொகுதியைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. கிராண்டிஃப்ளோராவிடம் இருக்கும் பன்முகத்தன்மையில் சிறு பகுதிதான் ருபெல்லாவிடம் மிஞ்சியிருக்கிறது. குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் மரபணு மறுசேர்க்கை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு குரோமோசோமும் ஒரே மாதிரி இருக்கும்போது அதனால் புதிதாக எதுவும் பிறப்பதில்லை. மெல்லிய தீங்குள்ள மாற்றங்களைக் கழித்துக்கட்டும் இயற்கைத் தேர்வின் பிடியும் அங்கே தளர்ந்திருக்கிறது. பெரிய கேடுகள் களையப்படும், சில்லறைக் கேடுகள் சேரும். கத்தரி, தக்காளிக் குடும்பத்தை 2010இல் ஆராய்ந்தபோதும் இதே போக்கு தெரிந்தது: தன்னை மறுக்கும் திறனை இழந்த கிளைகள் வேகமாகப் புது இனங்களைத் தந்தாலும், அதைவிட வேகமாக அழிந்திருக்கின்றன. இழந்த திறன் திரும்பி வந்த தடமும் இல்லை. தன்சேர்க்கை பரிணாமத்தில் ஒரு முட்டுச்சந்து என்று 1957இல் தாவரவியலாளர் ஸ்டெபின்ஸ் சொன்னதை நான் பெரும்பாலும் ஏற்கிறேன்.

‘பெரும்பாலும்’ என்று இழுப்பதற்குக் காரணம் மூன்றாவது உறவினர், காப்செல்லா பர்சா-பாஸ்டோரிஸ். சீனாவில் கீரை, ஜப்பானில் ஜனவரி 7 அன்று கஞ்சியில் போடும் ஏழு பச்சிலைகளில் ஒன்று, உலகின் மிகப் பரவலான களைகளில் ஒன்று. இதுவும் தன்சேர்க்கைக்காரர்தான். ஆனால் கிராண்டிஃப்ளோராவின் மூதாதை வழியும், ஓரியென்டாலிஸ் என்ற தன்சேர்க்கை இனத்தின் வழியும் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுசாகத் தங்கிவிட்ட செடி. மற்ற மூன்றிலும் குரோமோசோம் 16, இதில் 32. ஒரு வழியில் வந்த பிரதி கெட்டாலும் மறு வழியின் பிரதி ஈடுகட்டும். இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தன்சேர்க்கையாலும் அழிக்க முடிவதில்லை.

ஆக, துணைக்கு உத்தரவாதமும் பெருங்கூட்டமும் உள்ள இடத்தில் கிராண்டிஃப்ளோராவின் வழிக்கே என் ஓட்டு. புது நிலத்தில் காலூன்ற வேண்டுமானால் ருபெல்லாவைவிட பர்சா-பாஸ்டோரிஸ் மேல். பெற்றோரிடமிருந்து வந்த பழுதான பிரதிகளை அதுவும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது, அது வேறு கணக்கு.