சிவிசிஆர்எம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின், இரட்டைப் பதிவு பற்றி மட்டும்

நன்கொடையாளர் பட்டியலை எக்செல்லிலிருந்து, தொண்டு நிறுவனங்கள் நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்கப் பயன்படுத்தும் சிவிசிஆர்எம் (CiviCRM) மென்பொருளுக்கு மாற்றலாமா என்று தொண்டு நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார். திறமூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை, வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா என எந்த இணையதள மென்பொருளிலும் ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனவே நேராக இரட்டைப் பதிவுக்கு, அதாவது ஒரே ஆள் பட்டியலில் இரண்டு முறை ஏறும் சிக்கலுக்கு, வருகிறேன்.

இணையப் படிவத்தில் ஒருவர் பணம் கட்டும்போது, அவர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறாரா என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. அதற்கான இயல்பு விதி மின்னஞ்சலை மட்டும்தான் பார்க்கும். கணவனும் மனைவியும் ஒரே மின்னஞ்சல் வைத்திருந்தால், மனைவி கட்டிய தொகை கணவரின் பதிவில் ஏறிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் வெளியே வரும். அதே சமயம், ஒருவரே இரண்டு மின்னஞ்சல் கொடுத்தால் இரண்டு பதிவு உருவாகி, வேண்டுகோள் கடிதம் இரண்டு முறை போகும்.

நாமே கையால் சேர்க்கும்போது வேறு விதி. பழைய பதிவோடு பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு: முதல் பெயருக்கு 5, கடைசிப் பெயருக்கு 7, மின்னஞ்சலுக்கு 10. எச்சரிக்கை வர வேண்டிய வரம்பு 20. கூட்டிப் பாருங்கள். இரண்டு பெயரும் பொருந்தினால் 12. மின்னஞ்சலும் கடைசிப் பெயரும் பொருந்தினால் 17. மூன்றும் பொருந்தி 22 வந்தால்தான் எச்சரிக்கை. இனிஷியலுக்குப் பிறகு ஒருவர் புள்ளி வைத்து, இன்னொருவர் வைக்காமல் விட்டால் போதும், அதே ஆள் புது ஆளாகிவிடுவார். இத்தனை வருடம் புழங்கிய மென்பொருளில் இது இன்னும் இப்படியே இருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. நமக்கு ஏற்ற புது விதியை நாமே அமைத்துக்கொள்ளலாம், அதையும் சொல்லியாக வேண்டும்.

படிவத்துக்கான புது விதியில் மின்னஞ்சலோடு முதல் பெயரையும் சேர்த்து, இரண்டும் பொருந்தினால் மட்டுமே வரம்பை எட்டும்படி வையுங்கள். இரட்டைப் பதிவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. அவற்றைப் பிறகு இணைக்கலாம். தவறாக இணைத்ததைப் பிரிக்கத்தான் பொத்தான் கிடையாது. இணைப்பில் நீக்கப்பட்ட பதிவைக் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டாலும், அதன் நன்கொடைகள் அதற்குள் மற்ற பதிவுக்குப் போயிருக்கும். மொத்தமாக இணைப்பதற்கு முன் தரவுத்தளத்தை பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

பட்டியலை ஏற்றும் முன் ஷீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, அதை வெளி அடையாள எண் என்ற புலத்தில் ஏற்றுங்கள். பிழை தெரிந்தால் திருத்திய ஷீட்டை அதே எண்ணை வைத்துத் திரும்ப ஏற்றலாம். புதுப் பதிவு முளைக்காது. தொலைபேசி எண் நிரலை முதலிலேயே டெக்ஸ்ட் வகைக்கு மாற்றாவிட்டால், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். தேதி இன்னும் மோசம். மாதம் முதலில் வரும் அமைப்புள்ள கணினியில் 03/04/2024 என்று அடித்தால் ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 என்றால் தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும். தேதி நிரலில் சில கட்டங்கள் இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒட்டி நின்றால், வலப்பக்கம் உள்ளவற்றையும் நம்பாதீர்கள்.

எதிர்பாராமல் மனசுக்குப் பிடித்துப்போனது ஸ்மார்ட் குரூப். 'போன ஆண்டு கொடுத்து இந்த ஆண்டு இன்னும் கொடுக்காதவர்கள்' என்று ஒருமுறை தேடிச் சேமித்தால் போதும். பணம் வந்தவர் தானாகவே பட்டியலிலிருந்து விலகிவிடுவார். எக்செல்லில் அரை நாள் தின்ற வேலை இது. மொத்த மின்னஞ்சல் வசதியும் நல்லதுதான். ஆனால் சர்வரில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடவில்லையென்றால் கடிதம் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவு பாராட்டினாலும், நண்பருக்கு என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். அவர் திட்டத்தில் சர்வருக்குப் பணம் இருக்கிறது, நிறுவிக் கொடுப்பவருக்குப் பணம் இருக்கிறது. வாரம் ஒருமுறை உட்கார்ந்து இரட்டைப் பதிவைப் பார்க்கும் ஆளுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஆள் கிடைக்கும்வரை எக்செல்லிலேயே இருக்கட்டும். பெயரை இரண்டு நிரலாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதும் வேலையை இன்றைக்கே தொடங்கலாம்.