லாட்ஜுக்கு எந்த போன் சிஸ்டம்: அனலாக் பாக்ஸா, ஐபி-யா, கிளவுடா?

எங்கள் லாட்ஜ் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரம். மூன்று மாடி, 24 ரூம். பழைய இன்டர்காம் பாக்ஸ் உயிரை விட்டதும் புதுசுக்குக் கொட்டேஷன் கேட்டோம். ஒருத்தர் மறுபடியும் அனலாக் ஈபிஏபிஎக்ஸ், அதாவது ரூம் போன்களைச் சாதாரண டெலிபோன் கம்பியில் இணைக்கிற பாக்ஸ், போடச் சொன்னார். இன்னொருத்தர் அதே வேலையைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் (லேன்) கேபிளில் செய்கிற ஐபி-பிபிஎக்ஸ் என்றார். மூன்றாமவர் பாக்ஸே வேண்டாம் சார், எல்லாம் கிளவுடுதான் என்றார். கடைசியில் அனலாக்தான் போட்டோம், அதில் எனக்குத் திருப்தி. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

"எல்லார் கையிலும் வாட்ஸ்அப் இருக்கும்போது ரூமுக்கு ரூம் போன் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் தங்குகிறவர்களில் நிறையப் பேர் வங்காளம், அசாம், ஜார்கண்ட், பங்களாதேஷிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள். கூட வந்த பிள்ளை மருந்து வாங்க வெளியே போயிருப்பான். கட்டிலில் ஆபரேஷன் ஆன அம்மா தனியாக இருப்பார். வங்கதேசத்திலிருந்து வந்து இறங்கியவரிடம் முதல் நாள் இந்திய சிம்கூட இருக்காது. ரிசீவரைத் தூக்கினால் கீழே ரிசப்ஷனில் மணி அடிக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பிழைப்பு ஓடும்.

முதலில் கிளவுடைப் பார்த்துவிடலாம், அதில் சொல்ல அதிகம் இல்லை. இன்டர்நெட் வழியாக இதை நடத்துகிற கம்பெனி ஒரு நம்பர் கொடுக்கும். அதற்கு வருகிற கால் "தமிழுக்கு 1, இந்திக்கு 2, பெங்காலிக்கு 3" என்று கேட்டு நம் ஆட்களின் செல்போனுக்குப் போகும். யார் கூப்பிட்டார்கள், யார் எடுக்கவில்லை, என்ன பேசினார்கள், எல்லாம் பதிவாகும். வாங்கிப் போட வேண்டிய சாமான் ஒன்றும் கிடையாது. மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு, பேசுகிற நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும். டிராவல்ஸ் நடத்தும் ஒரு நண்பர் இதைத்தான் வைத்திருக்கிறார், விட்டுப்போன கால்கள் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார். நான் அவர் கடையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, சொந்தமாக மாதக்கணக்கில் ஓட்டியதில்லை. ஆனால் 203-ல் இருக்கிற பாட்டி வெந்நீர் கேட்க அது உதவாது. எங்களுக்கு அது புக்கிங் நம்பருக்கு வேண்டுமானால் பயன்படும், இன்டர்காமுக்கு ஆகாது.

ஆக, உண்மையான போட்டி அனலாக்குக்கும் ஐபி-க்கும்தான். வசதிகளை வரிசையாக எழுதினால் ஐபி-தான் ஜெயிக்கும். கால் ரெக்கார்டிங், செல்போனிலேயே எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு), இன்னொரு ஊரில் இருக்கும் ஆபீஸையும் அதே சிஸ்டத்தில் சேர்ப்பது, புரோகிராமை பிரவுசரில் சுலபமாக மாற்றுவது என்று அதில் இல்லாதது இல்லை. அதை யாரும் மறுக்கவில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: போட்ட பிறகு இதைப் பராமரிக்க என்ன ஆகும், யாரால் ஆகும்?

வயரிங்கிலேயே கதை ஆரம்பமாகிவிடுகிறது. அனலாக் போனுக்கு ஒரு ஜோடி செம்புக் கம்பி போதும். கட்டடம் கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டு இழுத்தது இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஐபி போனுக்கு ரூமுக்கு ஒரு கேட்-6 லேன் கேபிள் வேண்டும். அந்தப் பழைய பைப்பில், இரண்டு வளைவு தாண்டி, அது நுழையாது. வெளியே கேசிங் அடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். 24 ரூமையும் காலி செய்து துளை போட்டு, பெயின்ட் டச்சப் செய்து என்று கணக்குப் போட்டால், பாக்ஸின் விலையைவிட ரூம் பூட்டிக்கிடக்கிற நஷ்டம் பெரிசு. லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால் மாடிக்கு ஒரு ஸ்விட்ச் (லேன் கேபிள்களை இணைக்கிற பெட்டி) வைக்கலாம் என்றார்கள். மாடிப்படி சந்தில், ஏப்ரல் மே மாத வேலூர் வெயிலில், ஃபேன் வைத்த ஸ்விட்ச் எத்தனை வருஷம் தாங்கும்?

அடுத்தது கரண்ட். அனலாக் போனுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டாம். பாக்ஸிலிருந்தே அதே கம்பியில் பேசுகிற கரண்டும் வரும், மணி அடிக்கிற கரண்டும் வரும். கரண்ட் போனால் பாக்ஸ் ஒன்றுக்கு மட்டும் யுபிஎஸ் இருந்தால் மூன்று மாடியும் பேசும். ஐபி போனுக்கு லேன் கேபிள் வழியாகவே ஸ்விட்ச் கரண்ட் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு போன் சும்மா இருக்கும்போதே மூன்று, நான்கு வாட் இழுக்கும். 24 போனும் ஸ்விட்சும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 வாட், அதுவும் 24 மணி நேரமும். மாதத்துக்கு 70 யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அதற்கேற்ப பெரிசாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது போன் உடைகிற விஷயம். லாட்ஜ் போனின் ஆயுள் நம் கையில் இல்லை. குழந்தை ஸ்பிரிங் கார்டைப் பிடித்து இழுக்கும். டீ கொட்டும். துடைக்க வருகிறவர் லோஷனை அதன் மேலேயே அடிப்பார். சாதாரண அனலாக் போன் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஸ்பிரிங் கார்டு மட்டும் போனால் ஒரு சாப்பாட்டுக் காசு. ரூம் பையனே பழையதைப் பிடுங்கி, அலமாரியில் இருக்கிற ஸ்பேரை மாட்டிவிட்டு வந்துவிடுவான், புரோகிராம் எதுவும் செய்ய வேண்டாம். ஐபி போனில் மட்டமானதே எங்களுக்கு மூவாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள். புதுசு மாட்டினால் அதற்கு எக்ஸ்டென்ஷன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் ஏற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் செய்ய ரிசப்ஷனில் இருக்கிற பையனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பழைய போன்களை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் இரண்டு வகையையும் இணைக்கிற கேட்வே பெட்டி ஒன்று போட்டு ஐபி-யோடு சேர்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. செய்யலாம், தப்பில்லை. ஆனால் அப்போது கெட்டுப்போகக்கூடிய பெட்டி ஒன்றுக்கு இரண்டாகிவிடுகிறது. எங்களுக்கு வயரிங் பார்க்கிற தம்பியிடம் இதைச் சொன்னேன். "ண்ணா, ரூம்ல கீறவங்க போனை எடுத்தா கீழ மணி அடிக்கணும். அதுக்கு இன்னாத்துக்குண்ணா சர்வரு?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அனலாக்குக்கு எதிராக எல்லாரும் சொல்வது இடி. கோடை மழையில் சாயங்காலம் ஒரு இடி இடித்தால் டிரங்க் கார்டு (பாக்ஸில் வெளி லைன் வந்து சேருகிற கார்டு) போயே போய்விடும் என்பது அந்தக் காலத்தில் நிஜம். எங்கள் பழைய பாக்ஸிலும் கார்டு கருகியிருக்கிறது. ஆனால் அந்த இடி பெரும்பாலும் உள்ளே வந்தது தெருவிலிருந்து வருகிற செம்பு லைன் வழியாக. இப்போது லேண்ட்லைனே ஃபைபரில் வருகிறது. சுவரில் மாட்டியிருக்கும் மோடத்தில் போன் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதிலிருந்து ஒரு வயர் எடுத்து பாக்ஸின் டிரங்க் போர்ட்டில் செருகினால் வேலை முடிந்தது. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஏறாது. ஆகையால் அனலாக்கின் பெரிய பலவீனம் தானாகவே பாதி தீர்ந்துவிட்டது. இதை எந்த விற்பனைக்காரரும் சொல்லவில்லை. மீதிப் பாதி, ஈபி லைன் வழியாக வருவதும், மொட்டை மாடி, பக்கத்துக் கட்டடம் என்று வெட்டவெளியில் போகிற கேபிள் வழியாக வருவதும். அதற்கு நல்ல எர்த்திங்கும், எம்டிஎஃப் பெட்டியில் (எல்லா போன் கம்பியும் வந்து சேருகிற பெட்டி), திடீரென்று பாய்கிற மின்சாரத்தைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் போட்ட க்ரோன் மாட்யூலும் (கம்பி ஜோடிகளைச் செருகுகிற பட்டை) கட்டாயம். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபைபரால் வந்த தொல்லையும் உண்டு. செம்பு லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், ஊரே இருண்டாலும் போன் பேசும். ஃபைபர் மோடம் அணைந்தால் லைனும் அணையும். மோடத்தையும் பாக்ஸையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். இன்னொன்று, வெளியிலிருந்து பேசியவர் வைத்த பிறகும் பாக்ஸுக்கு அது தெரியாமல் லைன் பிசியாகவே தொங்கிக்கொண்டிருக்கும். மோடம் அனுப்புகிற பிசி டோனைப் பாக்ஸ் கண்டுபிடிக்கிற மாதிரி செட்டிங் மாற்ற வேண்டும். போட வந்தவர் முன்னாலேயே வெளியிலிருந்து கால் பண்ணி, வைத்து, லைன் விடுபடுகிறதா என்று பாருங்கள். காலர் ஐடி வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எங்களுடைய அமைப்பு இதுதான். 4 டிரங்க், 32 எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 24 ரூம், ரிசப்ஷன், மேனேஜர், கிச்சன், வாட்ச்மேன், லிஃப்ட் என்று 29 போய்விட்டது, மூன்று போர்ட் கையிருப்பு. மாடிக்கு ஒரு பல ஜோடிக் கேபிள் கீழே வந்து க்ரோன் மாட்யூலில் உட்காருகிறது. வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, வெள்ளை-பழுப்பு, வெள்ளை-சாம்பல் என்ற வரிசை மாறாமல் அடித்திருந்தால், பத்து வருஷம் கழித்து வருகிற புது ஆளும் அஞ்சு நிமிஷத்தில் ஜோடியைக் கண்டுபிடித்துவிடுவார். எக்ஸ்டென்ஷன் நம்பரும் ரூம் நம்பரும் ஒன்றே: 101-க்கு 101. ரூம் போன்கள் எல்லாம் ஹாட்லைன். எடுத்துச் சில விநாடி சும்மா வைத்திருந்தால் தானாக ரிசப்ஷன் அடிக்கும். வெளி கால் பூட்டியிருக்கிறது. காலை ஓபி-க்குச் சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்கு அலாரம் கால் போட்டுவைக்கிற வசதி இதில் அதிகம் ஓடுகிறது, ராத்திரி ரிசப்ஷன் ஆளுக்கு அரை வேலை குறைந்தது.

ரிசப்ஷனுக்குப் புதிதாக வருகிற பையன்கள் ஒரு இடத்தில் திணறுவார்கள். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் விதி. பாக்ஸில் வெளி லைன் எடுக்கவும் 0. ஆக இரண்டு பூஜ்யம். ஒன்றைத் தானாகச் சேர்க்கிற வசதி சில பாக்ஸில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஐபி-யை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. என் மச்சானுக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கெமிக்கல் வியாபாரம். புதுக் கட்டடம், மேஜைக்கு மேஜை லேன் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது. ஆம்பூரில் ஒரு சின்ன ஆபீஸ் வேறு. அவருக்கு நானே ஐபி-தான் போடச் சொன்னேன். ராணிப்பேட்டையில் இருந்துகொண்டு ஆம்பூர் ஆளை மூன்று இலக்கத்தில் கூப்பிடுகிறார். ஆர்டர் சொன்ன கால் பதிவாகிறது, "நான் 10 கேன்தான் சொன்னேன்" என்ற தகராறு இல்லை. அங்கே போனை உடைக்க ஆளும் இல்லை. கம்ப்யூட்டர், நெட்வொர்க் பார்க்கிற பையன் சம்பளத்தில் இருக்கிறான். அவன் இல்லாவிட்டால் அது ஓடாது. அந்த பாக்ஸை இன்டர்நெட்டில் திறந்துவைத்துவிட்டு 1234 என்று பாஸ்வேர்டு வைத்தால், எவனோ எங்கிருந்தோ நம் லைனில் வெளிநாடு பேசி பில்லை நம் தலையில் கட்டுவான். அவருடையது போட்டு அதிக நாள் ஆகவில்லை. நாலைந்து கோடை தாண்டிய பிறகு எப்படி இருக்கும் என்று இப்போதே சத்தியம் செய்ய மாட்டேன்.

அனலாக் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டியது ஸ்பேர். இந்த ஊர் லாட்ஜுகளில் பானசோனிக் 824 இன்னும் நிறைய ஓடுகிறது. 3 லைன், 8 எக்ஸ்டென்ஷனில் தொடங்கி கார்டு போட்டு 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் வரை போகலாம், அருமையான பாக்ஸ். ஆனால் அந்தக் கம்பெனி பிபிஎக்ஸ் தொழிலிலிருந்தே விலகுவதாக 2022-ல் அறிவித்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு கிடைக்கிற வரை ஓட்டலாம், புதிதாக அதில் காசு போடுவது சரியில்லை. பழசை விற்றால் ஏதோ கிடைக்கும் என்ற கணக்கும் வேண்டாம், எங்களுடையதை எடைக்குத்தான் கேட்டார்கள். உள்நாட்டுத் தயாரிப்பில் வடோதராவின் மேட்ரிக்ஸ் மாதிரி கம்பெனிகள் அனலாக்கும் ஐபி-யும் ஒரே பெட்டியில் போடுகிற மாடல் விற்கின்றன. நாங்கள் வாங்கியதும் அந்த வகைதான். ஐபி கார்டுக்கான இடம் காலியாக இருக்கிறது, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். ஒன்று, எந்த ஜோடி எந்த ரூமுக்கு என்று எழுதிய சார்ட். அதை லேமினேட் செய்து எம்டிஎஃப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். இன்னொன்று புரோகிராமிங் பாஸ்வேர்டு. அதைக் கொடுக்காமல் "எப்ப வேணா கூப்பிடுங்க சார், நான் வந்து மாத்தித் தரேன்" என்பார்கள். அந்த ஒவ்வொரு வருகைக்கும் தனி பில் உண்டு.