ஹலால் பிரிஸ்கெட்: சந்தையில் வெட்டியதா, வேக்கம் பேக்கில் முழுசா?

சிங்கப்பூரில் பார்பிக்யூவுக்கு ஹலால் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) வாங்க எனக்குத் தெரிந்து மூன்று வழிதான். தேக்கா, கேலாங் சிராய் மாதிரி ஈரச்சந்தைகளில் வெட்டி வாங்குவது, பேரங்காடியில் உறைகறி எடுப்பது, ஹலால் இறைச்சிக் கடைகள் வரவழைத்து விற்கும் ஆஸ்திரேலிய முழுத் துண்டை வேக்கம் பேக்கோடு, அதாவது காற்றை உறிஞ்சி மூடிய பையோடு, வாங்குவது. நான் இப்போது வாங்குவது மூன்றாவதை. அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உறைகறியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இங்கே நிறையக் கிடைப்பது பிரேசில் கறி. பெரும்பாலும் புல் மேய்ந்து வளர்ந்த திமில் மாடு, கொழுப்புக் குறைவு, இழை முரடு. சால்னாவுக்கும் ரெண்டாங்குக்கும் அது அருமையான கறி, தேங்காய்ப்பாலும் நேரமும் சேர்ந்து அதை வழிக்குக் கொண்டுவந்துவிடும். புகையில் மெதுவாக வேகவைக்கும்போது அதற்குத் துணைக்கு ஆள் கிடையாது. போதாக்குறைக்கு உருகும்போது சாறும் வடிந்துபோகும். மலிவு, அவ்வளவுதான்.

ஈரச்சந்தை வேறு விஷயம். "இன்றைக்கு வந்த ஃபிரெஷ் கறி" என்பார்கள், ஆனால் இந்த ஊரில் கடைக்கென்று மாடு அறுப்பதில்லை. சந்தைக் கறியும் கப்பலிலோ விமானத்திலோ வந்ததுதான், பெரும்பாலும் அதே ஆஸ்திரேலியப் பெட்டி. கறியில் குறையில்லை, கத்தியில்தான் சிக்கல். கடைக்காரர் வெட்டிப் பழகியது குழம்புக்காரர்களுக்காக. கொழுப்பைச் சுத்தமாக வழித்து, மேல் தசையையும் கீழ்த் தசையையும் பிரித்து, தட்டையாக ஒரு துண்டை நீட்டுவார். "மாமா, கொழுப்பை எடுக்காதீங்க, அப்படியே முழுசா வேணும்" என்று சொல்லிப் பாருங்கள், "என்ன தம்பி, கொழுப்புக்குமா காசு குடுக்கப் போறே?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். பழக்கமானவராக இருந்து இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவைத்தால் முழுசாக எடுத்துவைப்பார், அது நல்ல வழி. பெருநாள் நெரிசலில் மட்டும் அதை நம்பி இருக்காதீர்கள்.

ஏன் முழுசு முழுசு என்று அடித்துக்கொள்கிறேன் என்றால், பிரிஸ்கெட்டில் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவுசெய்வது கீழ்த் தசையின் தடிமன். நெஞ்சுக்கறி இரண்டு தசை: கொழுப்பு நிறைந்து திமிறிக்கொண்டிருக்கும் பாயிண்ட், அதன் அடியில் ஓடும் மெலிந்த ஃபிளாட். மாடு தன் எடையின் பெரும்பகுதியை முன்பக்கத்தில் தாங்குவதால் இரண்டிலும் இணைப்புத் திசு ஏராளம், அது கரைந்து ஜெலட்டின் ஆக உள்வெப்பம் 95 டிகிரியை நெருங்க வேண்டும், அங்கே போய்ச் சேர மணிக்கணக்காகும். பாயிண்டுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை, தன் கொழுப்பிலேயே குளித்துக்கொண்டிருக்கும். ஃபிளாட்டின் ஓரம் இரண்டு விரல் தடிமன்கூட இல்லாவிட்டால் பாயிண்ட் பதமாவதற்குள் அது காய்ந்து செருப்பாகிவிடும். மேலே கால் அங்குலக் கொழுப்புப் படலமும் இல்லாமல் வெட்டித் தந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கடையில் நான் முதலில் பார்ப்பது விலையையோ தரப் புள்ளியையோ அல்ல, மெலிந்த முனையைத்தான். பையோடு பிடித்துத் தடவினாலே தெரியும்: ஓரம்வரை ஒரே சீராகத் தடித்திருக்கிறதா, இல்லை நாக்கு மாதிரி மெலிந்து போகிறதா என்று. நடுவில் பிடித்துத் தூக்கி வளைகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், ஆனால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறியில் கொழுப்பு இறுகியிருக்கும், நல்ல கறிகூட விறைத்துத்தான் நிற்கும். நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை.

கணக்கையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 6 கிலோ முழுத் துண்டில் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவரை கொழுப்பைக் கழிப்போம், மிச்சத்தில் நாற்பது விழுக்காடு அளவுக்கு அடுப்பிலேயே போய்விடும். தட்டுக்கு வருவது 3 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. கிலோ 25 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் சாப்பிடும் கறி கிலோ 50 வெள்ளிக்கு மேல். சந்தையில் கழித்துத் தரும் துண்டில் இந்தக் கழிவு இல்லை, காகிதத்தில் அதுதான் லாபம். ஆனால் காய்ந்துபோன ஓரத்தை வெட்டி ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் அந்த லாபம் பெரிதாக நிற்பதில்லை. முழுத் துண்டில் கழித்த கொழுப்பை நான் எறிவதுமில்லை. உருக்கி வைத்தால் பிரியாணித் தாளிப்புக்கு ஆகும், அதோடு வந்த கறித் துணுக்குகள் கொத்துக்கறிக்கு.

வேக்கம் பேக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு: உள்ளே கறி ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருப்பது கெட்ட அறிகுறி இல்லை, காற்றுப் படாததால் அப்படி. பிரித்து வைத்தால் கால் மணியில் சிவந்துவிடும். திறந்ததும் லேசாக வரும் புளித்த வாடையும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகாவிட்டால்தான் கடைக்குத் திருப்ப வேண்டும். பை ஊதியிருந்தாலோ, உள்ளே சாறு நிறையத் தேங்கி நின்றாலோ எடுக்காதீர்கள். சிப்பமிட்ட தேதியையும் பாருங்கள், நாலைந்து வாரம் ஆனது எனக்குப் பிடிக்கும், குளிர் சரியாக இருந்தால் அது கறியை மிருதுவாக்கும். சீட்டில் 'பாயிண்ட் எண்ட்' என்று இருந்தால் பாயிண்ட் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், ஆஸ்திரேலியக் கணக்கில் அதில் ஃபிளாட்டும் அடக்கம். நேவல் எண்ட் என்பது வயிற்றுப் பக்கம், அது நமக்கு வேண்டாம்.

தானியம் தின்ற மாடா, புல் மாடா என்றால் புகைக்குத் தானியம்தான். புல் மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், சுவை நன்றாகவே இருக்கும், ஆனால் உள்கொழுப்புக் குறைவு. மார்பிளிங் எண்ணை, அதாவது உள்கொழுப்புக்குப் போடும் தரப் புள்ளியை, பார்த்து மட்டும் காசை நீட்டாதீர்கள். அந்த மதிப்பீடு முதுகுப் பக்கத்து விலாத் தசையை வைத்துப் போடுவது, நெஞ்சுக்கறியை யாரும் பார்த்துச் சொல்வதில்லை. உள்கொழுப்பு மிகுந்த ஜப்பானிய வகை மாடான வாக்யூவின் பிரிஸ்கெட் விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன், சொந்தக் காசில் சமைத்ததில்லை, அதனால் அதைப்பற்றி என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக இருந்தது, இரண்டு துண்டுக்கு மேல் முடியவில்லை.

ஹலால் விஷயத்திலும் மூடிய பைக்கு ஒரு வசதி உண்டு. அறுத்த இடத்தின் எண்ணும் ஹலால் முத்திரையும் அதிலேயே இருக்கும், கத்தி அதற்கப்புறம் படவில்லை. ஹலாலும் ஹலால் அல்லாததும் சேர்த்து விற்கும் இடத்தில் பிரித்து மறுபடி கட்டிய தட்டு என்றால், பெட்டியில் இருந்த முத்திரை அந்த வெட்டுப்பலகைக்குப் பேசாது. கடைக்கே முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) சான்றிதழ் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

தொந்தரவுகள்? இருக்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டுக் குளிர்பெட்டியில் 6 கிலோ துண்டை நுழைக்க ஒரு தட்டையே காலிசெய்ய வேண்டும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். சமைக்கவும் மூடியுள்ள அடுப்பு தேவை. நான் மச்சான் வீட்டு முற்றத்தில் 57 செண்டிமீட்டர் வெபர் கரியடுப்பில் போடுகிறேன், அதிலேயே இடுக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் பதிவுசெய்யும் திறந்த குழியடுப்பில் முழு பிரிஸ்கெட் நடக்காது. வேண்டுமானால் வீட்டு ஓவனில் 120 டிகிரியில் பதமாக்கி எடுத்துப்போய் அங்கே மேலே கரி வாசம் ஏற்றலாம். அதற்கும் பொறுமை இல்லையென்றால் பிரிஸ்கெட்டை விட்டுவிட்டு, தேக்கா மாமாவிடமே சாத்தேவுக்கு மெல்லிசாக வெட்டித் தரச் சொல்லுங்கள், அந்த வேலையில் அவர் கத்திக்கு ஈடு கிடையாது.