சனிக்கிழமை சம்பவம், திங்கட்கிழமை டெஸ்ட்: 5,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

எழுதலாமா வேண்டாமா என்று பல வாரம் தள்ளிப் போட்டேன். என் பெயரும் போடவில்லை, அந்த லேபின் பெயரும் போடவில்லை. ஆனால் இந்த மாதிரி போர்டு எல்லா ஊரிலும் இருக்கிறது. தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நான் கோவையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். ஒரு சனிக்கிழமை இரவு, பதினோரு மணிவாக்கில், ஆணுறை கிழிந்துவிட்டது. ஞாயிறு முழுக்க சோறு இறங்கவில்லை. திங்கள் காலை பத்து மணிக்கெல்லாம் 'முழு பால்வினை நோய் பரிசோதனை, ரகசியம் காக்கப்படும்' என்று போர்டு வைத்திருந்த ஒரு தனியார் லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "அண்ணா, முந்தாநாள் ராத்திரிதான் நடந்தது. இப்ப எடுத்தா தெரியுமா?"

"தெரியும் தம்பி, நம்மகிட்ட அட்வான்ஸ் மெஷின் இருக்கு. மொத்தம் பதினோரு டெஸ்ட், 5,800 ரூபாய்."

ரத்தம் மட்டும் எடுத்தார்கள். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் நெகட்டிவ். ஹெர்பிஸ் (கொப்புளம் வரும் பால்வினைத் தொற்று) இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.ஜி.எம். என்ற ரத்த டெஸ்ட் மட்டும் 'பார்டர்லைன்', அதாவது இரண்டும் கெட்டான். உடனே லேபிலிருந்தே போன். டாக்டர் என்று சொன்ன ஒருவர் பேசி, 2,400 ரூபாய்க்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மத்ததெல்லாம் கிளியர், நிம்மதியா தூங்குங்க" என்றார். தூங்கினேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம்: எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கலாம். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பெப் என்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நான் லேபில் நின்றபோது 35 மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரிப்போர்ட் வந்தபோதுகூட நாலு மணி நேரம் மிச்சம் இருந்தது. கவுன்டரில் இருந்தவரும் சொல்லவில்லை, போனில் பேசியவரும் சொல்லவில்லை. 'டெஸ்ட் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை சொன்னால் 5,800 ரூபாய் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாலாவது வாரம் ஆணுறுப்பில் சின்னதாக ஒரு புண். வலியே இல்லை. ரிப்போர்ட்தான் நெகட்டிவாச்சே என்று விட்டுவிட்டேன். தானாக ஆறியும் போய்விட்டது. இரண்டு மாதம் தாண்டி, இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது, அரிப்பு இல்லை. மெஷினில் ஊற்றுகிற கூலன்ட் ஆயில் அலர்ஜி என்று நினைத்து ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தடவினேன். உள்ளங்காலிலும் வந்த பிறகுதான் பயந்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓ.பி.யில் பார்த்துவிட்டு, அங்கேயே பால்வினை நோய்களைப் பார்க்கிற சுகவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா லேப் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார். முடிவைப் பார்க்கவில்லை, மேலே இருந்த தேதியைத்தான் பார்த்தார். "சம்பவம் என்னைக்கு?" என்றார். சொன்னேன். ஓ.பி. சீட்டைத் திருப்பி, இரண்டு தேதியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார். "இந்த ரிப்போர்ட் அந்த ராத்திரிக்கு முன்னாடி நீ எப்படி இருந்தேன்னு சொல்லுதுப்பா. அந்த ராத்திரியைப் பத்தி இதுல ஒண்ணுமே இல்ல."

கிருமி உடம்புக்குள் வந்த பிறகும் டெஸ்டில் தெரியாத சில நாட்கள் உண்டு. விண்டோ பீரியட் என்கிறார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். எச்.ஐ.வி.க்கு, நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்கிற நாலாம் தலைமுறை டெஸ்டை 45 நாள் கழித்து எடுத்தால் நம்பலாம். விரலில் குத்திப் பார்க்கிற ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள். சிபிலிஸ் புண் 10 நாளிலும் வரும், 90 நாளிலும் வரும். அதனால் ஆறு வாரத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வெட்டை நோய்க்கும் (கொனோரியா) கிளமிடியா என்கிற இன்னொரு பால்வினைத் தொற்றுக்கும் இரண்டு வாரம் கழித்து சிறுநீரிலோ, பட்ட இடத்தில் பஞ்சுக்குச்சி வைத்தோ எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்ட் செய்வதுதான் சரி. என்னிடம் சிறுநீர் கேட்கவே இல்லை, கிளமிடியாவுக்கும் ரத்தத்தில் பார்த்து 'நெகட்டிவ்' போட்டிருந்தார்கள். ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். தவறாக பாசிட்டிவ் காட்டுவது சகஜமாம், அதை வைத்து மருந்து கொடுக்கவே கூடாதாம். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் சம்பவத்துக்குப் பிறகு உடனே போட்டுக்கொண்டால் பயன் உண்டு. அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் நாளில் எடுக்கிற டெஸ்ட் வீண் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே ஏதாவது இருந்ததா என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். பெப் தொடங்கும்போதும் எடுப்பார்கள். 'கிளியர்' என்று சொல்லி அனுப்பியதுதான் மோசடி. அப்புறம், புண், சீழ், நீர்க்கடுப்பு என்று ஏதாவது வந்தால் நாள் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எனக்கு சிபிலிஸ் உறுதியானது. பென்சிலின் ஊசி 24 லட்சம் யூனிட், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். நன்றாக வலித்தது. செலவு ஒரு பைசா இல்லை. அந்த சனிக்கிழமை ராத்திரி என்னோடு இருந்த நபருக்கும் அன்றைக்கே போன் செய்து சொன்னேன். பேசுவதற்கு முன் கை நடுங்கியது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. 'கிளியர்' என்று நம்பிக்கொண்டு திரிந்த அந்த இரண்டு மாதத்தில் வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் நான் என்னை மன்னித்திருக்க மாட்டேன்.

எச்.ஐ.வி. டெஸ்ட், அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசம். எடுக்கும் முன்பும் ரிசல்ட் சொல்லும்போதும் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுகிறார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்காமல் இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது. எனக்கு அந்த லேபில் கிடைத்தது பில் மட்டும்தான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு போன் அடியுங்கள், கட்டணம் இல்லை. பெப் வேண்டுமென்றால் ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) உள்ள பெரிய அரசு மருத்துவமனையிலோ தொற்றுநோய் டாக்டரிடமோ கேளுங்கள். தேவையா இல்லையா என்று அவர் முடிவு செய்வார். நேரம்தான் முக்கியம், காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே கிளம்புங்கள்.

லேபுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ரிப்போர்ட் அன்னைய தேதிக்கு கரெக்ட்தானே தம்பி" என்றார், அதே கவுன்டர் அண்ணன். அடுத்த பேக்கேஜுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.

95வது நாள் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட் நெகட்டிவ். சிபிலிஸுக்கு ஊசி போட்டு ஆறாவது மாதம் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. அந்த ஓ.பி. சீட்டின் பின்பக்கம், அந்த இரண்டு தேதிக்குக் கீழே, மூன்றாவதாக அந்தத் தேதியையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.